கடலில்லாச் சேலத்தில் மீன் கடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மனைவிக்குத் தூத்துக்குடி. கல்யாணமான புதிதில் என் மச்சான், "சேலத்துல மீனா? கருவாடுன்னு சொல்லுங்க அத்தான்" என்று பந்தியில் வைத்தே சிரித்தார். அடுத்த லீவுக்கு அவர் வந்தபோது மேட்டூருக்குக் கூட்டிப்போய் அணைக்கட்டுப் பக்கம் ஒரு தகரக் கொட்டகைக் கடையில் உட்கார வைத்தேன். அன்றிலிருந்து வருடத்துக்கு இரண்டு முறையாவது வருகிறார், கூடவே நாலு பேரைக் கூட்டிக்கொண்டு. வருகிறவர்கள் எல்லோரும் அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் சொல்லிச் சலித்துப்போய் எழுதி வைத்தது இது.

சேலத்தைச் சுற்றிக் கடலே இல்லையே, மீன் எங்கிருந்து வருகிறது?

மூன்று வழி. ஒன்று அணை மீன்: மேட்டூர் நீர்த்தேக்கத்திலும், அதற்குக் கீழே காவிரியிலும் பிடிப்பது. இரண்டு, ஏரி, குட்டை, பண்ணைகளில் வளர்ப்பது. மூன்று, கடல் மீன். எங்கள் ஊரிலிருந்து பக்கத்துக் கடற்கரையான கடலூரே கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். அங்கிருந்தும் நாகப்பட்டினம், ராமேஸ்வரம், கேரளத்துப் பக்கமிருந்தும் இரவு வண்டியில் ஐஸ் பெட்டியில் வந்து இறங்கும்.

கடைக்காரரிடம் "இது என்ன மீன்?" என்று கேட்பதைவிட "இது அணை மீனுங்களா, கடல் மீனுங்களா? எப்ப வந்தது?" என்று கேளுங்கள். என் அப்பா கடைசிவரை இந்தக் கேள்விக்குப் பதில் வராமல் தட்டில் கை வைத்ததில்லை.

மேட்டூரில் எங்கே சாப்பிடுவது?

சேலத்திலிருந்து ஓமலூர், மேச்சேரி வழியாக சுமார் 50 கிலோமீட்டர். அணைப் பூங்கா, அணைக்கட்டு முனியப்பன் கோயில் பக்கமெல்லாம் வறுவல் கடைகள் இருக்கின்றன. கடை என்றால் பெரிதாக எதுவும் எதிர்பார்க்காதீர்கள். மேலே தகரமோ தார்ப்பாயோ இருக்கும். முன்னால் ஒரு பெரிய எண்ணெய்ச் சட்டி அல்லது தோசைக்கல், பக்கத்தில் அலுமினியத் தட்டில் மசாலா பூசி அடுக்கிய மீன், நாலு பிளாஸ்டிக் நாற்காலி. பெரும்பாலும் அக்காதான் வறுப்பார், அண்ணன் மீன் வெட்டுவார்.

எந்தக் கடை என்று பெயர் சொல்ல மாட்டேன். போன வருடம் நன்றாக இருந்த கடை இந்த வருடம் கைமாறியிருக்கும். கூட்டம் இருக்கிற கடையில் மீன் தேங்காது என்பது ஒரு கணக்கு. இன்னொன்று, வெட்டாத முழு மீனைக் காட்டச் சொன்னால் முகம் சுளிக்காமல் எடுத்துக் காட்டுகிறவரிடம் உட்காரலாம்.

சாப்பிட்டுவிட்டு அணையையும் பார்க்கத்தான் செய்வீர்கள். 1925இல் ஆரம்பித்து 1934இல் கட்டி முடித்தது. அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஸ்டான்லியின் பெயரில் ஸ்டான்லி நீர்த்தேக்கம். முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி என்பதைச் செய்தியில் கேட்டுக் கேட்டே எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். நீர்மட்டம் 120 அடி என்றால் ஊரே சந்தோஷப்படும். மீனுக்கும் அந்த அடிக்கும் சம்பந்தம் உண்டு, கீழே வருகிறேன்.

எந்த மீனைச் சொல்வது?

இதற்கு மட்டும் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கடலோரத்து ஆட்கள் சறுக்கும் இடம் இதுதான். வந்ததும் "வஞ்சரம் இருக்கா?" என்பார்கள். மேட்டூரில் வந்து வஞ்சரம் கேட்பது தூத்துக்குடியில் போய் மேச்சேரி ஆடு கேட்பது போல.

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கெண்டை இனம். மூன்றுமே வடக்கத்திய ஆறுகளிலிருந்து கொண்டுவந்து விட்டவை. ஒரே தண்ணீரில் இருந்தாலும் சண்டை போடாமல் பங்கு பிரித்துக்கொள்ளும். கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். கட்லாவுக்குத் தலை பெரிது. அந்தத் தலையை வறுத்து வீணாக்காதீர்கள், அது குழம்புக்கு. வறுவலுக்கு ரோகு நல்லது. மிர்காலை நான் கேட்டு வாங்குவதில்லை, கொடுத்தால் சாப்பிடுவேன்.

ஜிலேபி, முள்ளுக்குப் பயப்படுகிறவர்களுக்கு. வெளிநாட்டு மீன், 1952இல் இந்தியாவுக்குள் வந்தது. பிறகு எங்கள் ஏரி, குட்டை, வாய்க்கால் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. முட்டைகளைத் தாய் தன் வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பாற்றும், குஞ்சு வந்த பிறகும் ஆபத்து என்றால் வாய்க்குள் வாங்கிக்கொள்ளும். அப்படி வளர்த்தால் பெருகாமல் என்ன செய்யும்? முழு மீனாக இரண்டு பக்கமும் கீறி, மசாலாவை கீறலுக்குள் திணித்து, மொறுமொறு என்று வறுத்துக் கொடுப்பார்கள். விலையும் குறைவு. சிலர் இதை இளக்காரமாகப் பார்ப்பார்கள். சட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த ஜிலேபியைத் தின்றவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள்.

ஆரால் கிடைத்தால் விடாதீர்கள். பாம்பு மாதிரி நீளமாக இருக்கும், அதைப் பார்த்தே பாதிப் பேர் வேண்டாம் என்பார்கள். மிச்சப் பேருக்கு லாபம். அரஞ்சான் பொடி மீன், முறுக வறுத்தால் முள்ளோடு மெல்லலாம். வாளையும் கெளுத்தியும் வரும். இரண்டும் குழம்பு மீன் என்பது என் கட்சி.

கெளுத்தி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஆப்பிரிக்கக் கெளுத்தி என்று ஒன்று உண்டு. அதை வளர்க்க அரசு தடை விதித்திருக்கிறது, ஆனாலும் எங்காவது தலை காட்டும். குளத்தில் இருக்கிற மற்ற மீன்களையெல்லாம் தின்று தீர்த்துவிடும் என்பதால்தான் தடை. மலிவு விலைக்குப் பெரிய பெரிய கெளுத்தித் துண்டு வந்தால் நான் ஒதுங்கிவிடுவேன்.

ஆற்று மீனில் சேற்று வாடை அடிக்குமே?

அடிக்கும். எல்லா நேரமும் இல்லை. கோடையில் நீர்மட்டம் இறங்கி, தேங்கிய தண்ணீரில் பாசி பச்சைப் பசேலென்று படரும் காலத்தில் அதிகம். நீலப்பச்சைப் பாசியும் சில நுண்ணுயிரிகளும் ஜியோஸ்மின் என்று ஒரு பொருளை உண்டாக்கும், அது மீனின் சதையில் ஏறிவிடும். முதல் மழைக்கு மண் மணக்கிறதே, அதுவும் இதே ஜியோஸ்மின்தான். மண்ணில் வந்தால் கவிதை, மீனில் வந்தால் வாடை.

புளிப்புப் பட்டால் ஜியோஸ்மின் சிதைந்துவிடும். நம் பாட்டிமார் வேதியியல் படிக்காமலே ஆற்று மீனைப் புளிக்கரைசலில் அலசியதும் எலுமிச்சை பிழிந்து ஊறவைத்ததும் இதற்காகத்தான். கடையில் மசாலாவில் எலுமிச்சை சேர்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். புது வெள்ளம் வந்து அணை ஏறிய பிறகு, ஆடி ஆவணியில், இந்தக் கேள்விக்கே வேலை இருக்காது. மச்சான் இப்போதெல்லாம் கிளம்புவதற்கு முன் போன் போட்டு, "அணை எத்தனை அடி அத்தான்?" என்றுதான் விசாரிக்கிறார். டெல்டா விவசாயிகளுக்கு அடுத்தபடி அந்தக் கணக்கில் அக்கறை உள்ள ஆள் அவராகத்தான் இருப்பார்.

முள் அதிகமாமே? குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

கெண்டை இன மீன்களில் நடுமுள், விலா முள் போக சதைக்குள்ளேயே கவட்டை மாதிரிப் பிரிந்த மெல்லிய முட்கள் இருக்கும். நடுமுள்ளோடு ஒட்டாமல் தனியாகக் கிடப்பதால் மொத்தமாக உருவி எடுக்க முடியாது. முதுகுப் பக்கமும் வாலுக்கு அருகிலும்தான் இவை நிறைய. வயிற்றுத் துண்டில் விலா முள் மட்டும்தான், அது கண்ணுக்குத் தெரியும். அதனால் "வயித்துப் பீஸா பார்த்துக் கொடுங்க அக்கா" என்று கேட்டு வாங்குங்கள். குழந்தைகளுக்கு ஜிலேபி, அதுவும் நீங்களே பிய்த்துக் கொடுத்தால் மட்டும்.

தொண்டையில் குத்திவிட்டால் சோற்று உருண்டையை விழுங்கு, வாழைப்பழத்தை விழுங்கு என்று சுற்றி இருப்பவர்கள் கத்துவார்கள். செய்யாதீர்கள், முள் இன்னும் ஆழமாக இறங்கலாம். இருமிப் பாருங்கள். வரவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுவதுதான் சரி.

விலை எப்படி?

உட்காருவதற்கு முன் கேட்டுவிடுங்கள், அவ்வளவுதான். துண்டுக் கணக்கு, முழு மீன் கணக்கு, எடைக் கணக்கு என்று மூன்றும் நடக்கிறது. சேலம் டவுன் வண்டிக் கடைகளில் "மீன் சில்லி 100 கிராம்" என்று கேட்பார்கள். வறுத்த பிறகு நிறுப்பதா முன்பா என்பதைப் பொறுத்துத் தட்டில் விழுவது மாறும். முழு மீனைக் காட்டி எடை போட்டால், செதிளும் குடலும் போவதற்கு முந்தைய எடையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஜிபே எல்லா இடத்திலும் உண்டு. அணைப் பக்கம் சிக்னல் சதி செய்யும் நாளுக்குச் சில்லறை வைத்திருங்கள்.

மேட்டூர் கூட்டம் பிடிக்காது. வேறு இடம்?

பூலாம்பட்டி. எடப்பாடி வழியாகப் போக வேண்டும். கதவணையில் தேங்கி நிற்கும் காவிரி, இக்கரையில் சேலம் மாவட்டம், அக்கரையில் ஈரோடு மாவட்டத்து நெரிஞ்சிப்பேட்டை. நடுவே படகு போய்வரும். ஊர்க்காரர்கள் வேலைக்குப் போக வர ஏறுகிற படகு அது, நாமும் ஏறிக்கொள்ளலாம். கரையில் மீன் வறுவல் கடைகள். ஞாயிற்றுக்கிழமை இங்கேயும் கூட்டம்தான். வார நாளில் மதியம் போனால், படகுத்துறையைப் பார்த்தபடி ரோகு வயிற்றுத் துண்டும் வட்டமாக அரிந்த வெங்காயமும் சாப்பிடுகிற நிம்மதி வேறு எங்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

கொளத்தூர்ப் பக்கம் பண்ணவாடி பரிசல் துறையும் பார்க்க வேண்டிய இடம். அணை நன்றாக இறங்கும்போது, 1934க்கு முன் அங்கே இருந்த ஊரின் மிச்சமாகப் பழைய ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் தண்ணீருக்கு வெளியே வரும். ஆனால் நந்தி தெரிகிற காலம் மீனுக்கு நல்ல காலம் இல்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

ஆடிப்பெருக்கு அன்று மட்டும் மீனுக்காக மேட்டூர் போகாதீர்கள். சுற்று வட்டாரமே காவிரியில் குளிக்க வந்திருக்கும். கடைகளில் வறுக்கிற வேகத்தைப் பார்த்தால் உள்ளே வெந்திருக்குமா என்றே சந்தேகம் வரும்.

சேலத்துக்குள் கடல் மீன் சாப்பிடவே கூடாதா?

யார் சொன்னது? சங்கரா, பாறை, நெத்திலி, மத்தி, இறால் எல்லாம் வருகிறது, நன்றாகவும் இருக்கிறது. காலண்டரைப் பார்த்துச் சாப்பிட வேண்டும், அவ்வளவே. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கூட்டிக் கழித்துப் பார்த்தால், ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு பக்கமும் விசைப்படகு நிற்கிறது. நாட்டுப் படகுகள் போய்வருவதால் கொஞ்சம் வரத்து இருக்கும், அது கரையோர ஊர்களுக்கே காணாது. அந்த இரண்டு வாரத்தில் ஒரு சேலத்துக் கடையில் பளபளவென்று பெரிய வஞ்சரத் துண்டு வரிசையாக இருந்தால், அது எத்தனை நாள் குளிரில் கிடந்தது என்று யோசியுங்கள். முறையாக உறைய வைத்த மீன் கெட்டது இல்லை. அதைப் புதுசு என்று சொல்லி விற்பதுதான் கெட்டது.

அயிலை சாப்பிட்டால் உடம்பு அரிக்கிறதே, அலர்ஜியா?

எனக்கே நடந்தது. ஒரு மே மாதச் சாயங்காலம், டவுனில் ஒரு வண்டிக் கடையில் இரண்டு அயிலை வறுவல். நாக்கில் லேசாகச் சுருக்கென்று, மிளகு போட்ட மாதிரி இருந்தது. அரை மணி நேரத்தில் முகம் சிவந்து, காது சுட்டு, கழுத்தெல்லாம் அரிப்பு. மசாலா ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். மருத்துவர்தான் சொன்னார்: அயிலை, மத்தி, சூரை போன்ற மீன்களைப் பிடித்த உடனே ஐஸில் வைக்காவிட்டால், அவற்றின் சதையில் நுண்ணுயிரிகள் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கிவிடும். ஒருமுறை உண்டானால் வறுத்தாலும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது. பார்வைக்கும் மீன் நன்றாகவே இருக்கலாம். பெரும்பாலும் சில மணி நேரத்தில் தானாக அடங்கிவிடும். மூச்சு விடச் சிரமமாக இருந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அதற்காக நான் அயிலையை விடவில்லை. அதே மீனை தூத்துக்குடியில் மாமனார் வீட்டில் எத்தனை வேண்டுமானாலும் தின்கிறேன், ஒன்றும் ஆவதில்லை. சேலத்தில், வெயில் காலத்தில், ஐஸ் கண்ணில் படாத கடையில் மட்டும் தொடுவதில்லை. இறால், நண்டு தின்றால் ஒவ்வொரு முறையும் உடம்பு தடிக்கிறது என்றால் அது வேறு கதை, நிஜமான அலர்ஜி.

மீன் கெடாமல் இருக்கப் பார்மலின் என்ற ரசாயனத்தைக் கலக்கிறார்களாமே?

பயம் ஆதாரமில்லாதது அல்ல. 2018இல் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை எல்லைச் சோதனைச் சாவடிகளில் பார்மலின் கலந்த மீனை டன் கணக்கில் பிடித்தது. கொச்சியில் இருக்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் காகிதப் பட்டையில் சொட்டு விட்டு நிறம் மாறுகிறதா என்று பார்க்கும் எளிய சோதனையையும் கொண்டுவந்தது. ஆனால் "ஈ மொய்க்கவில்லை, ஆகவே பார்மலின்" என்ற வாட்ஸ்அப் தீர்ப்பு வேண்டாம். நல்ல ஐஸில் இருக்கிற மீனிலும் ஈ அதிகம் உட்காராது. செவுள் சிவப்பா, கண் உப்பலா, விரலால் அமுக்கினால் சதை மேலே எழும்புகிறதா என்று பார்க்கிற பழைய முறைகளே போதும். சதை ரப்பர் போல விறைத்து, மீன் வாசமே இல்லாமல் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

வறுவல் ஏன் அவ்வளவு சிவப்பு?

மிளகாய்த்தூளின் சிவப்பு வறுத்தால் கருஞ்சிவப்பாகும், கொஞ்சம் பழுப்பு தட்டும். ஆரஞ்சு நிறத்தில் மின்னி, கையைத் தண்ணீரில் கழுவியும் போகவில்லை என்றால் அது கலர்ப்பொடி. கர்நாடகத்தில் 2024இல் சிக்கன், மீன் கபாப்களில் செயற்கை நிறம் சேர்க்கத் தனியாகவே தடை போட்டார்கள். "கலர் போடாம கொடுங்கண்ணா" என்று கேட்கிறவர்கள் கூடினால் போடுகிறவர்கள் குறைவார்கள். எங்கள் தெருமுனைக் கடையில் அப்படித்தான் நின்றது.

எண்ணெயையும் பாருங்கள். கறுத்து, கெட்டியாகி, மீன் போட்டதும் நுரை பொங்கினால் அது பழைய எண்ணெய். தோசைக்கல்லில் வறுத்துத் தருகிற கடையில் இந்தத் தொல்லை குறைவு. செய்தித்தாளில் வைத்துக் கொடுத்தால், வாழை இலைத் துண்டு கேளுங்கள். அச்சு மை வறுவலில் ஒட்டும்.

மீன் தின்றுவிட்டு மோர் குடிக்கலாமா? வெண்புள்ளி வருமா?

வராது. வெண்புள்ளி என்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தி நிறமிச் செல்களையே தாக்குவதால் வருவது, மீனும் தயிரும் சேர்வதால் அல்ல. ஆனாலும் என் அம்மா முன்னால் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவர் வீட்டில் மீன் நாளில் ரசம்தான்.

புரட்டாசியில் கடை இருக்குமா?

பாதி இருக்காது. இருக்கிற கடையில் விலை இறங்கியிருக்கும், இடமும் தாராளமாகக் கிடைக்கும். விரதம் இல்லாதவர்களுக்கு நல்ல மாதம். ஆனால் வியாபாரம் மந்தம் என்பதால் மீன் தேங்கும், "எப்ப வந்தது?" என்பதை இரண்டு முறை கேட்க வேண்டிய மாதமும் அதுதான்.

ஏற்காட்டில் ஏரி இருக்கிறதே, அங்கே மீன்?

ஏற்காட்டில் மிளகாய் பஜ்ஜி சாப்பிடுங்கள். காபி குடியுங்கள்.

பார்சல் வாங்கிச் சேலம் வரை கொண்டுவரலாமா?

வறுத்ததை வேண்டாம். மேச்சேரி தாண்டுவதற்குள் நமத்துப்போகும், பஸ் முழுக்க வாசம் அடித்து எல்லோரும் நம்மையே பார்ப்பார்கள். பச்சை மீனாக வாங்கி அங்கேயே செதிள் தட்டி, குடல் எடுத்து, துண்டு போட்டு, ஐஸோடு தெர்மாகோல் பெட்டியில் வையுங்கள். மீனில் முதலில் கெடுவது குடல்தான், அது போய்விட்டால் பாதிக் கவலை போச்சு. கட்லா தலையை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். வறுவலுக்கு மட்டும் வருகிறவர்கள் விட்டுவிட்டுப் போவதால் சில கடைகளில் தலையைச் சும்மாவே கொடுப்பார்கள். போன முறை மச்சான் மூன்று தலை வாங்கிக்கொண்டு வந்தார்.